வால்வு என்றால் வால்வுதான்

ஷர்மிளாவின் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது "இல்லை".

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் ஸ்டோர்ஸ் அவள் பொறுப்பு. பின்பக்கம் தோல் பதனிடும் டேனரி, முன்பக்கம் ஷூ தைக்கும் கட்டடம், இரண்டுக்கும் நடுவில் இவள் ராஜ்ஜியம். தையல் ஊசியிலிருந்து மோட்டார் பெல்ட் வரை, பசை டின்னிலிருந்து தண்ணீர்க் குழாய்ச் சாமான் வரை எது வேண்டுமானாலும் இவள் ஜன்னல் முன்னால் வந்து நின்றுதான் ஆகவேண்டும். கேட்ட பொருள் தீர்ந்து போயிருந்தாலும் இல்லை என்று சொல்ல மாட்டாள். "வருது" என்பாள். சொல்லிவிட்டுச் சும்மா உட்காருகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். போனை எடுத்தாளென்றால் வேலூர், ராணிப்பேட்டை, சென்னை என்று ஒவ்வொரு கடைக்காரனையும் உலுக்கி எடுத்துவிடுவாள். சாயங்காலத்துக்குள் பொருள் வந்து இறங்கியிருக்கும்.

"இல்லன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு ஸ்டோர்ஸ், அதுல எதுக்கு ஒரு ஷர்மிளா? ஒரு பூட்டு தொங்கவுட்டா பத்தாதா?" என்று கேட்பாள்.

தையல் லைனில் சேர்ந்தவள், ஞாபகசக்தியாலும் வாய்ச் சாமர்த்தியத்தாலும் ஸ்டோர்ஸுக்கு வந்தாள். எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்பது அவள் அடிக்கடி விடுகிற சவால். கொஞ்சம் தலைக்கனம்தான். இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்குத் தலைக்கனம் இருந்தால் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

அப்பேர்ப்பட்டவள் வீட்டிலேயே ஒருநாள் அந்தச் சொல் வந்து விழுந்தது. சொன்னவன் அவள் புருஷன் கௌதம்.

"அதுக்கு சாமான் இல்ல ஷர்மி. எங்கயும் இல்லயாம். வித்துட்றேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு சாமான் இல்ல?"

"ஆம்ப்ளிஃபயருக்கு."

ஷர்மிளா அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். தோசை பாதி வேக்காட்டில் கிடந்தது.

கௌதம் வேறொரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருக்கிறான். தோலின் மேல் அச்சு வைத்து வெட்டுவது வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவனுக்கு உயிர் கிடார்தான். கல்யாண ரிசப்ஷன், சர்ச் விழா, கம்பெனி ஆண்டு விழா என்று ஒரு பாட்டுக் குழுவோடு சுற்றுவான். அந்தக் கிடாருக்குச் சத்தம் கொடுப்பது ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டி. வேலூர் பாகாயத்தில் தங்கியிருந்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தன் வீட்டில் தோட்ட வேலை பார்த்த கௌதமின் சித்தப்பாவிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா அதன் மேல் துணி மடித்து வைத்திருந்தார். கௌதம்தான் துணியை எடுத்துவிட்டுக் கிடாரைச் சொருகினான்.

இப்போதைய பெட்டிகளைப் போல் அதற்குள் சின்னச் சில்லுகள் கிடையாது. கண்ணாடி வால்வுகள். அந்தக் காலத்து ரேடியோவில் பின்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்குமே, அதே வகை. சுவிட்ச் போட்டால் உடனே பாடாது. சூடேற வேண்டும். சூடேறிவிட்டால், அம்மாடி, அந்தச் சத்தம் காதில் விழுவதில்லை, நேரே வயிற்றில் இறங்கும்.

திருப்பத்தூரில் ஒரு ரிசப்ஷனில் ஜெனரேட்டர்காரன் எதையோ திருகப்போய், கரண்ட் ஜாஸ்தியாகிப் பாய்ந்துவிட்டது. பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிப்போனது. கருகின வாசனை மேடை முழுக்கப் பரவியது. அன்றைக்கு ஆணியில் மாட்டிய கிடாரை அவன் அப்புறம் தொடவே இல்லை. குழுவில் ஒரு பையன் தன்னுடைய புதுப் பெட்டியைக் கொடுத்துப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் வாசிக்கற மாதிரி இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டான். வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குழுவுக்கும் சொல்லிவிட்டான்.

"யாருக்கு விக்கறே?" என்றாள் ஷர்மிளா.

"பெங்களூர்ல காபி கடை வச்சிருக்காரு, சூரியபிரகாஷ்னு. நம்ம குழு போட்டோவ போன்ல பாத்துட்டுக் கேட்டாரு. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கினு போறேன்னாரு. கடையில அலங்காரத்துக்கு."

"ஓடாதுன்னு சொன்னியா?"

"சொன்னேன். ஓடாததே நல்லதாம். மேல செடி வைக்கலாமாம்."

"செடியா!"

தெருவுக்கே கேட்டிருக்கும். கௌதம் தலையைக் குனிந்துகொண்டான்.

"யோவ், நல்லாக் கேட்டுக்கோ" என்றாள் ஷர்மிளா. "அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் உன்ன கட்டிக்கினேன். உன் மூஞ்சிக்கா கட்டிக்கினேன்? மாப்பிள்ளைக்காரங்க ஆயிரம் பேர் வந்தாங்க. அத்தன பேரையும் உட்டுட்டு, கூட வேல பாத்தவ ரிசப்ஷன்ல நீ வாசிச்சதக் கேட்டுட்டு நேரா வந்து உன் பேரு இன்னான்னு கேட்டேனே, ஞாபகம் கீதா, இல்லயா? அது மேல செடி வைப்பானாம், செடி!"

ஆயிரம் பேர் வந்தது பொய். மற்றதெல்லாம் நிஜம்.

அவள் பயமே வேறு. இவனை அவளுக்குத் தெரியும். பெட்டி போனால் பின்னாலேயே கிடாரும் போய்விடும். அப்புறம் வேலைக்குப் போவான், வருவான், சாப்பிடுவான், போனைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவான். ஏற்கெனவே வீடு அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. மிக்ஸி சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள சாமான் வருது" என்றாள்.

மறுநாளே பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஜாரில் இருக்கும் நிசார் அஹமது கடைக்குப் போனாள். மைக் செட், டிவி, மிக்ஸி, எதைக் கொடுத்தாலும் பிரித்துப் போட்டுச் சரிபண்ணுகிற மனுஷர். பின்பலகையைக் கழற்றியதும் உள்ளே கை வைக்கப்போனவளை அவர் தடுத்தார்.

"தொடாத மா. பிளக்கப் புடுங்கினாலும் உள்ள ஷாக் ஒளிஞ்சிக்கினு இருக்கும். மொதல்ல அத எறக்கணும்."

எறக்கினார். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"டிரான்ஸ்ஃபார்மர் உசுரோட கீது. ஸ்பீக்கரும் ஓகே. கண்டன்சர் உப்பிக்கிச்சு, அது எங்கிட்டயே கீது, மாத்திட்றேன். சின்ன வால்வுங்க நல்லா கீது. பவர் வால்வு ரெண்டும்தான் பேஜார்."

கட்டைவிரல் அளவு கண்ணாடிக் குமிழ் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "உச்சி பாரு, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும். இது பாலா வெளுத்துப் போச்சு. காத்து உள்ள பூந்துடுச்சு. இன்னொண்ணு உள்ளயே வெந்துடுச்சு."

"புதுசு எங்க கெடைக்கும் பாய்?"

"மைக் செட்காரங்க எல்லாம் எப்பவோ காயலான் கடையில போட்டாச்சு. நெட்ல கீது. வெளிநாட்லேர்ந்து கப்பல் ஏறி வரணும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

நிசார் பாய் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஒரு அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தார். "இ எல் எண்பத்து நாலு. இதான் நம்பர். எழுத்து மாறிச்சுன்னா எடுத்துக்கினு வராத, உருவம் ஒண்ணா இருந்தாலும் வேலைக்கு ஆவாது. பழசா இருந்தாலும் பரவால்ல. உச்சி வெளுக்காம இருக்கணும்."

ஷர்மிளா அந்த நம்பரை அட்டையில் வைத்துக்கொள்ளவில்லை. ரேக் நம்பர் போல மனசில் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து ஸ்டோர்ஸ் போன் ஓயவில்லை. சென்னையில் கேட்டாள், கையை விரித்தார்கள். ஆற்காட்டில் ஒரு பழைய ரேடியோக்காரர் நம்பர் கிடைத்தது. அவர் ரேடியோவை விட்டுவிட்டு செல்போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார். வாணியம்பாடிப் பக்கம் இன்னொரு கம்பெனியில் இருக்கும் அவள் சிநேகிதி சௌந்தர்யா மட்டும் தெம்பாகச் சொன்னாள்.

"எங்க கம்பெனில வால்வு கீதுடி. தோல் மேல டிசைன் அமுக்கற மெஷின் இருக்கே, அதுக்குள்ள. ஸ்பேரும் கீது. வந்து பாரு."

பர்மிஷன் போட்டுவிட்டு ஸ்கூட்டியில் பறந்தாள். சௌந்தர்யா காட்டியதும் வால்வுதான், கண்ணாடிதான், சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீர்ச் சொம்பு பருமனுக்கு இருந்தது.

"இத அந்தப் பொட்டில வைக்கணும்னா, பொட்டியத்தாண்டி இதுக்குள்ள வைக்கணும்" என்றாள் ஷர்மிளா. இரண்டு பேரும் மெஷின் பக்கத்தில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஷர்மிளாவுக்கு எரிச்சலாக வந்தது. வாரம் பாதி ஓடிப்போயிருந்தது.

கடைசியில் வேலூரில் அவள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் கை கொடுத்தார். "இ எல் எண்பத்து நாலு, வால்வு, ரெண்டு வேணும்ண்ணே, அவசரம்" என்று இவள் சொல்ல, "இருக்கு மா, இப்பவே பஸ்ல குடுத்து அனுப்பறேன்" என்றார் அவர், மூச்சுக்கூட விடாமல். ஷர்மிளா கையைத் தட்டிக்கொண்டாள். பார்த்தாயா, தேடுகிறவள் தேடினால் கிடைக்காத பொருள் உண்டா? கௌதமுக்கு போன் போட்டு, "வருது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வைத்தாள்.

பஸ் வந்தது. கண்டக்டர் பார்சலை இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார். அங்கேயே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கட்டைவிரல் அளவு கண்ணாடிக்கு எதற்கு இரண்டு கை? பஸ் ஸ்டாண்டிலேயே கயிற்றைப் பிய்த்துப் பார்த்தாள். பளபளவென்று, தலையில் சிவப்புச் சக்கரத்தோடு, தண்ணீர்க் குழாயில் மாட்டுகிற இரண்டு பித்தளை கேட் வால்வுகள்.

அப்புறம் அந்தக் கடைக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டது இருக்கிறதே, பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அண்ணே, நான் இன்னா கேட்டேன்?"

"வால்வு."

"நீங்க இன்னா அனுப்பிக்கிறீங்க?"

"வால்வு. பித்தள. ஒரிஜினல்."

"இ எல் எண்பத்து நாலுன்னு தொண்ட கிழிய சொன்னேனே!"

"அது உங்க கம்பெனி ஆர்டர் நம்பர்னு நெனச்சேன் மா. இத்தன வருஷமா டேனரிலேர்ந்து பேசறீங்க. டேனரில வால்வுன்னா வால்வுதாம்மா. வேற எதத்தான் அனுப்பறது, நீங்களே சொல்லுங்க?"

அந்த ஆள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். போனைக் கட் பண்ணிவிட்டாள்.

ஒன்றைக் கம்பெனிக் கணக்கில் சேர்த்துவிட்டு இன்னொன்றைத் தன் காசில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேடையில் டங்கென்று வைத்தாள். கௌதம் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்துவிட்டான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. திட்டப்போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"விடு ஷர்மி" என்றான் அவன் மெதுவாக. "நீ தேடினதே போதும். எனக்காக இப்படி யாரு அலைவா? நான் அவருக்கு வார்த்த குடுத்துட்டேன். போனா போகட்டும்."

"நான் உனக்காக அலையல. எனக்காக அலையறேன்" என்றாள். "நீ வாசிக்காத வீட்டுல எனக்கு இருக்கப் புடிக்கலய்யா. அவ்ளோதான்."

கௌதம் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைக் கைலியால் துடைத்தான். கண்டன்சர் மாற்றிய பெட்டி, நிசார் பாய் கடையிலிருந்து வந்து வால்வுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை. ஷர்மிளா ஸ்டோர்ஸில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டேனரி ஃபிட்டர் கோபி ஜன்னலில் வந்து நின்றான். தோலை ஊறப்போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம் ஒன்றுக்குத் தண்ணீர் போகும் லைனில் ஒழுகுகிறதாம்.

"அக்கா, ஒரு வால்வு குடு."

"இன்னா வால்வு?" என்றாள் ஷர்மிளா வெடுக்கென்று.

கோபி முழித்தான். "இன்னாக்கா புதுசா கேக்கறே? வால்வுன்னா வால்வுதான்."

அவள் முனகிக்கொண்டே எழுந்து குழாய்ச் சாமான் ரேக்குக்குப் போனாள். கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

வால்வுன்னா வால்வுதான்! வேலூர்க்காரனும் அதைத்தான் சொன்னான், இவனும் அதைத்தான் சொல்கிறான். இந்த ஊரில் வால்வு என்று கேட்டால் கண்ணாடியைத் தராமல் பித்தளையைத்தான் தருவான். சரி. அப்படியானால் இதே ஊரில் என்றைக்காவது ஒருநாள் உண்மையிலேயே கண்ணாடி வால்வு வந்து இறங்கியிருந்தால்? பெட்டி மேல் வால்வு என்று எழுதியிருந்தால்? அதை வாங்கி வைத்த டேனரிக்காரன் எங்கே வைத்திருப்பான்?

குழாய் ரேக்கில்தான் வைத்திருப்பான்! வேறு எங்கே வைப்பான், மடப்பயல்!

ஷர்மிளா தலையை உயர்த்திப் பார்த்தாள். ரேக்கின் உச்சித் தட்டில், சுவரோரம், ஒரு சின்ன மரப்பெட்டி. "வால்வு, பழசு" என்று யாரோ பெயின்டால் எழுதியிருந்தது. இவள் ஸ்டோர்ஸுக்கு வருவதற்கு முன்பிருந்தே அது அங்கே இருக்கிறது. வருஷா வருஷம் ஸ்டாக் எடுக்கும்போது, "வால்வு பழசு ஒரு பெட்டி" என்று சொல்லி, அதன் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவ்வளவுதான் அதற்கும் அவளுக்கும் உள்ள உறவு.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கனமாக இருக்குமென்று காலை ஊன்றிக்கொண்டு தூக்கினாள். பெட்டி சர்ரென்று கையோடு வந்துவிட்டது. பித்தளை இருக்கிற பெட்டி இவ்வளவு லேசாகவா இருக்கும்?

"டேய் கோபி, ஸ்க்ரூடிரைவர் குடு, சீக்கிரம்!"

மூடியை நெம்பினாள். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் பழுப்பேறின குட்டிக் குட்டி அட்டை டப்பாக்கள். முதலாவதில் வேறு நம்பர். அடுத்ததும் வேறு. மூன்றாவதைத் திருப்பினாள். இ எல் எண்பத்து நாலு. அதற்கடுத்ததும் இ எல் எண்பத்து நாலு. டப்பாவைத் திறந்து, கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உச்சி பளபளவென்று மின்னியது. அவள் மூக்கு நுனி அதில் தெரிந்தது.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"இன்னாக்கா, அழறியா?"

"ஆமாண்டா, அழறேன். அழக்கூடாதா?"

"அழு, அக்கா. அதுக்கு முன்னாடி அந்த வால்வக் குடுத்துட்டு அழு. தண்ணி ஒழுவுது."

கோபி கையில் ஒரு பித்தளை வால்வைத் திணித்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷர்மிளா நேரே ஜியாவுல்லா சார் அறைக்குப் போனாள். கம்பெனி முதலாளி குடும்பம், நிர்வாகம் அவர் கையில். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, இது எங்க அத்தா காலத்து சாமானாச்சே! அப்ப யார்டுல மைக் செட் கட்டி வச்சிருந்தாங்க. லாரி வந்தா அதுலதான் கூப்புடுவாங்க. செட்டு எப்பவோ போயிடுச்சு, ஸ்பேர் மட்டும் மிச்சம். எங்க இருந்துச்சு?"

"கேட் வால்வு ரேக்குல சார்."

"ஏம்மா, ஸ்டோர்ஸ்ல இருக்கறத எல்லாம் கண்ண மூடிக்கினே சொல்லுவேன்னு சவால் உடுவியே?"

"கண்ண மூடிக்கினுதான் சார் இத்தன வருஷம் வச்சிருந்தேன்."

ஜியாவுல்லா சார் விழுந்து விழுந்து சிரித்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கேட் பாஸ் போடப் பேனாவை எடுத்தார். "எந்த செக்‌ஷனுக்குன்னு எழுதறது?"

"மெயின்டனன்ஸ்னு எழுதுங்க சார். என் வூட்டு மெயின்டனன்ஸ்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கௌதம் சர்ச்சுக்குப் போய்விட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டில் சூரியபிரகாஷை அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. ஷர்மிளா விருந்தாளிக்குச் சமைக்கவேண்டும் என்று வீட்டிலேயே தங்கிவிட்டாள். பித்தளை வால்வில் ஒருமுறை வாயை விட்டு மாட்டிக்கொண்டதால் இந்த முறை அவனிடம் மூச்சு விடவில்லை. அவன் தலை மறைந்ததும் நிசார் பாய் பையோடு வந்து சேர்ந்தார்.

வால்வுகளின் கால்களைத் துடைத்தார். பதமாகப் பார்த்து அழுத்திச் சொருகினார். பெட்டியை நேரே கரண்டில் போடவில்லை. நடுவில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்துக் கட்டினார்.

"இத பாத்துக்கினே இரு மா. எரிஞ்சு அப்புறம் மங்கிச்சுன்னா நல்லது. மங்காம எரிஞ்சிக்கினே இருந்தா, உள்ள ஷார்ட்டு. வால்வு செத்ததுன்னு அர்த்தம்."

சுவிட்சைப் போட்டார். பல்பு பளீரென்று எரிந்தது. ஷர்மிளா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றி முறுக்கினாள். எரிந்துகொண்டே இருந்தது. மங்கேண்டா, மங்கித் தொலையேண்டா! பல்பு மெல்ல, மனசே இல்லாததுபோல், மங்கத் தொடங்கியது. மங்கி, சிவந்த இழை மட்டும் நின்றது. பெட்டிக்குள்ளே இரண்டு புள்ளிகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்தன. பல்பை எடுத்துவிட்டு நேராகக் கரண்ட் கொடுத்ததும் ஸ்பீக்கரில் மெல்லிசாக ஒரு ரீங்காரம் எழுந்தது.

"உசுரு வந்துடுச்சு" என்றார் நிசார் பாய்.

சற்று நேரத்தில் வாசலில் பேச்சுச் சத்தம். சூரியபிரகாஷ் கையில் பெட்டியைச் சுற்ற ஒரு பெரிய போர்வை. கௌதம் அவருக்கு வழிவிட்டுப் பின்னால் வந்தவன், வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ரீங்காரம் அவனுக்குக் கேட்டுவிட்டது. பெட்டியைப் பார்த்தான், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷர்மிளாவைப் பார்த்தான்.

"இன்னா பாக்கறே? கைய கழுவிக்கினு வா" என்றாள். ஆணியிலிருந்து கிடாரை எடுத்து அவளே நீட்டினாள்.

கை கழுவக்கூடப் போகவில்லை. தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்த்தான். ஒரே ஒரு தந்தியைத் தட்டினான். அந்தச் சத்தம் அறை முழுக்கப் பரவி, சமையலறை மேடையில் இருந்த பாத்திரங்கள் வரை அதிர்ந்தன. இன்னொன்றைத் தட்டினான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு அவள் வந்து பேர் கேட்ட ரிசப்ஷனில் வாசித்ததையே வாசித்தான். விரல் நுனிகள் மெத்தென்று ஆகிவிட்டிருந்ததால் அங்கங்கே பிசகியது. பிசகட்டும். ஷர்மிளாவுக்கு அது நேரே வயிற்றில் இறங்கியது.

வாசித்து முடித்ததும் சூரியபிரகாஷ் கையைத் தட்டினார். நல்ல மனுஷர்தான், குற்றம் சொல்ல முடியாது. "அற்புதம் சார்! ஓடுதா இது? ரொம்ப நல்லதாப் போச்சு. கடையில அலங்காரமாவும் இருக்கும், சாயங்காலத்துல யாராவது வாசிக்கவும் செய்யலாம்" என்று போர்வையை விரித்தார்.

கௌதமின் முகம் செத்துப்போனது. கிடாரை மடியிலிருந்து இறக்கினான். கொடுத்த வார்த்தையை மாற்றத் தெரியாதவன். "எடுத்துக்கங்க சார்" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

ஷர்மிளா பெட்டிக்கும் போர்வைக்கும் நடுவில் போய் நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம். நீங்க எங்க வூட்டுக்காரர்கிட்ட இன்னா பொருள் கேட்டீங்க?"

"இந்த ஆம்ப்ளிஃபயர்தாம்மா."

"ஓடாத ஆம்ப்ளிஃபயர் கேட்டீங்க. மேல செடி வைக்கறதுக்கு. அவரு வார்த்த குடுத்ததும் அதுக்குத்தான்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தப் பொருள் இல்ல சார். ஸ்டாக் இல்ல."

நிசார் பாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சூரியபிரகாஷ் ஷர்மிளாவைப் பார்த்தார், மடியிலிருந்து இறக்கிய கிடாரைப் பிடித்துக்கொண்டிருந்த கௌதமைப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. சிரித்துவிட்டுப் போர்வையை மடித்தார்.

"அவ்வளவு தூரத்திலிருந்து வந்தேனே அம்மா, வெறும் கையோடவா போகணும்?"

"வெறுங்கையோட அனுப்புவனா? உக்காருங்க, சாப்புட்டுட்டுப் போங்க. அலங்காரத்துக்குத்தானே வேணும்?" சமையலறை மேடையிலிருந்த பித்தளை கேட் வால்வை எடுத்துவந்து, தலைப்பால் துடைத்து, அவர் கையில் வைத்தாள். "இதுவும் வால்வுதான் சார். ஒரிஜினல். காபி கடைக்கு ரொம்ப லட்சணமா இருக்கும்."

அவர் சிவப்புச் சக்கரத்தை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு, பிடித்துப்போய்ப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கௌதம் இன்னும் ஷர்மிளாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லன்னு சொன்னே" என்றான். "உன் வாயால."

"ஆமா, சொன்னேன். அதுக்கு இன்னா இப்போ?" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். "வாசிய்யா. குழம்பு கொதிக்கற வரைக்கும் நிறுத்தாத."

அவன் வாசித்தான். குழம்பு கொதித்து இறக்கிய பிறகும் அவள் அவனை நிறுத்தச் சொல்லவில்லை.